உழவு இயந்திரம்: குறியும் காரணமும்

நுழையும்முன்

மாட்டின் மூக்கில் ஈரம் இருக்கிறதா, அது அசைபோடுகிறதா என்று பார்த்தே அதன் உடல்நலத்தை அறிந்தவர்கள் நம் உழவர்கள். ஏரும் எருதும் இருந்த இடத்தில் இன்று டிராக்டர் நிற்கிறது. அதற்கும் நோய் வருகிறது. அதுவும் தன் நோயைக் குறிகளால் வெளிப்படுத்துகிறது. புகையின் நிறம், ஒலியின் மாற்றம், வெப்பமானியின் முள் ஆகியவை அதன் மொழி. அம்மொழியைப் படித்துக் காரணத்தைக் கண்டறியும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

காலத்தோடு போட்டி

காவிரிப் பாசனப் பகுதியில் குறுவைச் சாகுபடிக்காக மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாளில் திறப்பது மரபு. வாய்க்காலில் நீர் வந்ததும் வயல்களில் சேற்றுழவு தொடங்கும். ஒரே நேரத்தில் எல்லா ஊர்களிலும் உழவு நடப்பதால் வாடகை வண்டி கிடைப்பது அரிது. நாற்றங்காலில் வளரும் நாற்றோ காத்திருப்பதில்லை. குறுகிய கால நெல்லின் நாற்று முற்றிப்போனால், நட்ட பிறகு அது தூர் கட்டுவது குறையும், விளைச்சலும் குறையும். அந்த நாள்களில் ஒரு டிராக்டர் வயலின் நடுவே நின்றுபோவது ஓர் இயந்திரத்தின் பழுது மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் பருவமே அதனோடு நிற்கிறது.

இந்தியாவில் டிராக்டர் உற்பத்தி வேரூன்றத் தொடங்கியது 1960ஆம் ஆண்டை ஒட்டியாகும். சென்னையில் டாஃபே நிறுவனம் 1960இல் நிறுவப்பட்டது. இருபது, முப்பது ஆண்டுகளைக் கடந்த டிராக்டர்கள் இன்றும் பல ஊர்களில் உழுதுகொண்டிருக்கின்றன. புதிய வண்டி வாங்கும் வசதியில்லாத சிறு உழவருக்கு அவையே துணை. அவற்றில் மின்னணுக் கருவிகள் இல்லை. கண்ணால் காணவும் கையால் கழற்றவும் கூடிய பாகங்களே உள்ளன. ஆதலால், பொறுமையும் முறையான சிந்தனையும் உடைய எவரும் அவற்றின் பழுதைப் புரிந்துகொள்ள இயலும்.

பழைய டிராக்டரைப் பெரும்பாலும் வயலில் நிறுத்துபவை இரண்டு குறைகள். ஒன்று, எரிபொருள் சரியாகச் சென்று சேராமை. மற்றொன்று, இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாதல். இவ்விரண்டிலும் உழவரின் பணத்தை வீணாக்குவது பழுது மட்டுமன்று; காரணத்தை அறியாமல் பாகங்களை மாற்றும் பழக்கமும்தான்.

டீசல் எரியும் விதம்

நோயை அறியும் முன் நலமான உடலை அறிந்திருக்க வேண்டும். டீசல் இயந்திரத்தில் தீப்பொறியை உண்டாக்கும் கருவி கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்படும் காற்றைப் பிஸ்டன் மேலெழுந்து, ஏறத்தாழ 16 முதல் 18 மடங்கு வரை சிறிதாகும்படி அழுத்துகிறது. மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் பலர் உணர்ந்திருப்பர். அதே இயல்பால் சிலிண்டரில் அழுத்தப்பட்ட காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகிறது. அந்த நொடியில் டீசல் மிக நுண்ணிய துளிகளாகத் தெளிக்கப்படுகிறது. தெளித்ததும் அது தானே பற்றிக்கொள்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். டீசல் இயந்திரம் ஓடுவதற்குத் தேவையானவை மூன்றே: போதிய காற்று, அக்காற்றின் அழுத்தம், உரிய நேரத்தில் தூய டீசல். இயந்திரம் ஓட மறுத்தால் இம்மூன்றில் ஒன்று குறைந்துள்ளது என்பது உறுதி. தேடலின் எல்லை இவ்வாறு தொடக்கத்திலேயே சுருங்கிவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் தம் இயந்திரத்திற்கு 1893இல் காப்புரிமை பெற்றார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அது வெற்றிகரமாக இயங்கியது. தொடக்ககால டீசல் இயந்திரங்களில் எரிபொருளைச் சிலிண்டருக்குள் செலுத்த அழுத்தப்பட்ட காற்று பயன்பட்டது. அக்காற்றை அழுத்தும் கருவியே பேரளவில் இருந்ததால், அவை தொழிற்சாலைகளுக்கும் கப்பல்களுக்குமே பொருந்தின. 1927இல் ராபர்ட் போஷ் நிறுவனம் டீசல் தெளிப்புப் பம்பைத் தொடர்ச்சியாக உற்பத்தி செய்யத் தொடங்கியது. சிறிய அந்தப் பம்பே டீசல் இயந்திரம் சாலைக்கும் வயலுக்கும் வர வழி வகுத்தது.

எரிபொருளின் பயணம்

டீசல் தொட்டியிலிருந்து புறப்பட்டுக் குழாய் வழியே சிறிய ஊட்டுப் பம்பை அடைகிறது. அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வடிகட்டிகளைக் கடந்து தெளிப்புப் பம்புக்குச் செல்கிறது. தெளிப்புப் பம்பு அதை வளிமண்டல அழுத்தத்தைப் போல் 200 மடங்கு அளவுக்கு அழுத்தி, கனத்த இரும்புக் குழாய்கள் வழியே ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் உள்ள நாசிலுக்கு அனுப்புகிறது. நாசிலில் எஞ்சும் டீசல் வேறொரு மெல்லிய குழாய் வழியே திரும்பிச் செல்கிறது.

இந்தப் பாதையை வாய்க்காலோடு ஒப்பிடலாம். கடைமடையில் நீர் வரவில்லை என்றால், கடைமடையை வெட்டிப் பயனில்லை. தலைமடையிலிருந்து நடந்து வந்து, எந்த மதகு வரை நீர் வந்துள்ளது என்று பார்க்க வேண்டும். எரிபொருள் பாதையையும் அவ்வாறே தொட்டியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஆராய வேண்டும். எந்த இடம் வரை டீசல் தடையின்றி வருகிறதோ, அதற்கு அடுத்த இடத்தில் குறை இருக்கிறது.

வழிமறிக்கும் காரணங்கள்

முதற்காரணம் மிக எளியது. அதனாலேயே பலரும் அதைக் காண்பதில்லை. டீசல் தொட்டியின் மூடியில் ஊசிமுனை அளவில் ஒரு காற்றுத்துளை இருக்கும். தொட்டியிலிருந்து டீசல் வெளியேறும் அளவுக்கு அத்துளை வழியே காற்று உள்ளே வர வேண்டும். புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து துளை அடைபட்டால், தொட்டிக்குள் சிறிது சிறிதாக வெற்றிடம் உண்டாகும். ஊட்டுப் பம்பு இழுத்தும் டீசல் வராது. வண்டி தொடங்கும்போது நன்றாக ஓடி, அரைமணி நேரத்தில் வலுக்குறைந்து நிற்கும். சற்று ஓய்வு கொடுத்தால் காற்று மெல்லக் கசிந்து உட்புகுவதால் மறுபடியும் ஓடும்.

இரண்டாம் காரணம் அழுக்கு. வடிகட்டியின் வேலையே அழுக்கைத் தடுப்பதாகும். பல பருவங்களாக மாற்றப்படாத வடிகட்டி, டீசலையும் தடுத்துவிடும். இத்தகைய வண்டி சுமையின்றி நன்றாக ஓடும். கலப்பை மண்ணில் இறங்கியதும் திணறும். சுமை கூடும்போது டீசல் தேவையும் கூடுகிறது. குறுகிய வழியில் அவ்வளவு டீசல் வர இயலுவதில்லை.

மூன்றாம் காரணம் நீர். பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிர்ச்சியால் காற்றிலுள்ள ஈரம் துளிகளாகப் படியும். திறந்த பீப்பாயில் வைக்கப்பட்ட டீசலிலும் மழைநீர் கலக்கலாம். டீசல் நீரைவிட இலேசானது. ஆகவே நீர் அடியில் தங்கும். வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, வரும் டீசலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், நீர் அடியில் தனியே பிரிந்து நிற்பதைக் காணலாம். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி வழுவழுப்பான படலமாகி வடிகட்டியை அடைப்பதும் உண்டு. தெளிப்புப் பம்பின் உட்பாகங்களுக்கு டீசலே மசகு எண்ணெய் ஆதலால், நீர் அவற்றைத் துருப்பிடிக்கச் செய்து தேய்த்துவிடும். மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைப்பது இதற்குச் செலவில்லாத தடுப்புமுறை.

நான்காம் காரணம் காற்று. நீர்மத்தை அழுத்தினால் அது எளிதில் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். குழாயில் காற்றுக்குமிழ் புகுந்தால், பம்பின் அழுத்தம் முழுவதையும் அக்குமிழ் விழுங்கிவிடும். நாசிலில் டீசல் தெளிக்கப்படாது. இதையே பட்டறைகளில் ‘ஏர் பிடித்துவிட்டது’ என்பர். தொட்டிக்கும் ஊட்டுப் பம்புக்கும் இடைப்பட்ட பகுதியில் டீசல் இழுக்கப்படுவதால், அங்குள்ள சிறு கசிவின் வழியே காற்று உள்ளே புகும். இயந்திரம் ஓடும்போது அவ்விடத்தில் ஒரு துளி டீசலும் வெளியே சொட்டாமல் இருக்கலாம். ‘கசிவு எங்கும் தெரியவில்லை, ஆகவே காற்று புக வழியில்லை’ என்ற முடிவு இதனால்தான் தவறாகிறது.

காற்றை வெளியேற்றும் முறை

டீசல் தீர்ந்து நின்ற வண்டியிலும், வடிகட்டி மாற்றிய வண்டியிலும் காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும். முதலில் தொட்டியில் போதிய டீசல் உள்ளதா என்றும், அடைப்பான் திறந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு வடிகட்டியின் தலையிலுள்ள காற்றுத்திருகைச் சற்றே தளர்த்தி, ஊட்டுப் பம்பின் கைநெம்பை மேலும் கீழும் இயக்க வேண்டும். தொடக்கத்தில் டீசல் நுரையும் குமிழுமாக வரும். குமிழின்றிச் சீராக வரும்போது, நெம்பை இயக்கிக்கொண்டே திருகை இறுக்க வேண்டும். அடுத்து, தெளிப்புப் பம்பின் திருகிலும் இதே செயலைச் செய்ய வேண்டும். இறுதியாக, நாசில் முனையிலுள்ள நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்தி, இயந்திரத்தைச் சுழலச் செய்து, டீசல் கசிந்ததும் இறுக்க வேண்டும்.

இந்த வரிசை முக்கியமானது. தொட்டியின் பக்கமிருந்து நாசிலை நோக்கிச் செல்ல வேண்டுமே தவிர, இடையில் தொடங்கக் கூடாது. பின்னாலுள்ள குமிழ் மறுபடியும் முன்னால் வந்து சேரும். எல்லாம் முடிந்தபின் காற்று மீண்டும் மீண்டும் பிடிக்குமானால், அது புகும் வழி இன்னும் அடைபடவில்லை என்பது பொருள். அப்போது குழாய் இணைப்புகளையும் செப்பு வாஷர்களையும் பழைய இரப்பர்க் குழாய்களின் வெடிப்புகளையும் சோதிக்க வேண்டும்.

எச்சரிக்கை: இயந்திரம் ஓடும்போது தெளிப்புப் பம்புக்கும் நாசிலுக்கும் இடையிலுள்ள குழாயில் கசிவு உள்ளதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் சென்றுவிடும். வெளியே ஊசி குத்திய புள்ளி போலத் தோன்றினாலும், உள்ளே திசுக்கள் அழுகி விரலையே இழக்க நேரலாம். வலி குறைவு என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கசிவைக் கண்டறிய ஓர் அட்டைத் துண்டை எட்ட நின்று நீட்டினால் போதும்.

புகை சொல்லும் செய்தி

எரிதல் சரியாக நடக்கிறதா என்பதைப் புகைபோக்கி அறிவிக்கும். நன்கு சூடான இயந்திரத்தில் புகை கண்ணுக்குப் பெரிதும் தெரியாமலிருப்பதே நலம். கரும்புகை, டீசலின் அளவுக்கு ஏற்ற காற்று இல்லை என்பதைக் காட்டும். காற்று வடிகட்டியில் புழுதி அடைந்திருக்கலாம். நாசில் தேய்ந்து டீசலைத் தூவாமல் சொட்டவிடலாம். இயந்திரத்தின் திறனுக்கு மீறிய சுமை ஏற்றப்பட்டிருக்கலாம். கரும்புகை வந்தால் வண்டிக்கு வலு மிகுதி என்று எண்ணுவோரும் உண்டு. உண்மையில், எரியாத டீசலே கரியாக வெளியேறுகிறது. அது உழவரின் பணமாகும்.

வெண்புகை இருவகைப்படும். குளிர்ந்த நிலையில் தொடங்கும்போது தோன்றிச் சிறிது நேரத்தில் மறைவது எரியாத டீசல் ஆவியாகும். இயந்திரம் சூடான பின்னும் தொடருமானால், சிலிண்டருக்குள் குளிர்நீர் கசிகிறதா என்று ஐயுற வேண்டும். நீலப்புகை, மசகு எண்ணெய் எரிவதைக் காட்டும்.

எந்தச் சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதையும் அறிய வழியுண்டு. இயந்திரம் மெதுவாக ஓடும்போது, நாசில் முனை நட்டுகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்குவர் மெக்கானிக்குகள். நலமான சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இயந்திரத்தின் ஒலி தளரும். தளர்த்தியும் ஒலி மாறாவிட்டால், அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்பது தெளிவாகும். மேற்கண்ட எச்சரிக்கை இங்கும் பொருந்துவதால், பயிற்சி பெற்றவரே இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

வெப்பத்தின் பயணம்

டீசலில் அடங்கிய ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உழும் வேலையாக மாறுகிறது. ஏறத்தாழ மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதன் பெரும்பகுதியைக் குளிர்நீரே சுமந்து செல்ல வேண்டும். நீர்ப்பம்பு அந்நீரைச் சிலிண்டர்களைச் சுற்றி ஓடச் செய்கிறது. சூடான நீர் மேற்குழாய் வழியே ரேடியேட்டரின் தலைப்பகுதியை அடைந்து, மெல்லிய குழல்களில் இறங்குகிறது. விசிறி இழுக்கும் காற்று அவ்வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. ஆறிய நீர் கீழ்க்குழாய் வழியே மீண்டும் இயந்திரத்திற்குத் திரும்புகிறது.

இடையே தெர்மோஸ்டாட் என்னும் தானியங்கிக் கதவு உள்ளது. நீர் ஏறத்தாழ 80 பாகை செல்சியசை அடையும்வரை அது மூடியிருந்து, இயந்திரம் விரைவில் சூடேற உதவுகிறது. பின்னர்த் திறந்து நீரை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. ரேடியேட்டர் மூடிக்கும் தனிப்பணி உண்டு. அது நீராவியை ஓரளவு அடக்கி வைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது. வளிமண்டல அழுத்தத்தைவிட அரை மடங்கு அழுத்தம் கூடினால், நீரின் கொதிநிலை 100 பாகையிலிருந்து ஏறத்தாழ 111 பாகைக்கு உயரும். இரப்பர் வளையம் கெட்டுப்போன மூடி இந்தப் பாதுகாப்பை இழக்கச் செய்யும்.

கொதிப்பின் காரணங்கள்

அளவுமீறிய வெப்பத்திற்கு இரண்டே வழிகள்: வெப்பம் மிகுதியாக உண்டாகலாம், அல்லது உண்டான வெப்பம் வெளியேறாமல் தங்கலாம். இப்பாகுபாடு தேடலை எளிதாக்கும்.

வெளியேறாமைக்கு முதற்காரணம் ரேடியேட்டரின் முகத்திலேயே இருக்கும். கதிரடிக்கும்போது பறக்கும் தூசும் வைக்கோல் துகளும் அதன் தகடுகளுக்கு இடையே அடைந்துகொள்ளும். சேற்றுழவில் தெறிக்கும் சேறு அவற்றின்மேல் உலர்ந்து சுவராகும். இயந்திரம் ஆறிய பின், விசிறி இருக்கும் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நீரை மெதுவாகப் பாய்ச்சினால், துகள்கள் வந்த வழியே வெளியேறும். முன்பக்கத்திலிருந்து வேகமாகப் பாய்ச்சினால் அவை மேலும் உள்ளே செல்லும்; தகடுகளும் மடங்கும்.

அடுத்துக் காண வேண்டியது விசிறிப் பட்டை. அது தளர்ந்து வழுக்கினால், விசிறியும் நீர்ப்பம்பும் ஒருசேர மெதுவாகும். இரு சக்கரங்களுக்கு நடுவே பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் அமுங்குவது பல வண்டிகளில் ஏற்ற அளவு. இச்சோதனை இயந்திரம் நின்றிருக்கும்போது செய்வதற்குரியது.

மூன்றாவது, நீரின் தன்மை. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றினால், சோறு வடிக்க வெந்நீர் கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு சேர்வதுபோல, சிலிண்டரைச் சுற்றியும் ரேடியேட்டர்க் குழல்களிலும் சுண்ணப்படிவு சேரும். அப்படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. தொட்டி நிறைய நீர் இருந்தும் இயந்திரம் கொதிப்பதற்கு இது காரணமாகலாம். தூய மென்னீரோடு துருத்தடுப்பு நீர்மத்தைக் குறித்த அளவில் கலந்து பயன்படுத்துவது நல்லது.

குழாய்களின் வெப்பமும் செய்தி சொல்லும். இயந்திரம் மிகச் சூடாகியும் ரேடியேட்டரின் மேற்குழாய் குளிர்ந்திருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று கருதலாம். அதைக் கழற்றி நூலில் கட்டி, நீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், திறக்கிறதா என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். கீழ்க்குழாய் பழையதாகித் தளர்ந்திருந்தால், வேகம் கூடும்போது பம்பின் இழுப்பால் உட்குழிந்து நீரோட்டத்தைத் தடுக்கும். வண்டி நின்றதும் பழைய வடிவை அடைந்துவிடும்.

சிலிண்டர்த் தலையின் கேஸ்கட் பழுதானால் எரிவளி குளிர்நீருக்குள் புகும். ரேடியேட்டரில் குமிழ்கள் இடைவிடாமல் எழுவது இதன் அடையாளம். மசகு எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்திற்கு மாறியிருந்தால், நீர் எண்ணெயோடு கலந்துவிட்டது. அந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

வெப்பம் மிகுதியாக உண்டாவதற்கு, திறனுக்கு மீறிய சுமையும் டீசல் தெளிக்கும் நேரம் பிந்துவதும் காரணங்களாகும். நேரம் பிந்தித் தெளித்த டீசல், பிஸ்டன் கீழிறங்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதன் ஆற்றல் வேலையாகாமல் சிலிண்டர்ச் சுவரையும் புகைவழியையும் சூடாக்கும். டீசல் குறைவாக வருவதால் இயந்திரம் சூடாகிறது என்று சிலர் கூறுவர். டீசல் இயந்திரத்தைப் பொறுத்தவரை அது பொருந்தாது. டீசல் குறைந்தால் உண்டாகும் வெப்பமும் குறையும், வலுவும் குறையும். எனவே, ஒரே வண்டியில் வலுக்குறைவும் அளவுமீறிய வெப்பமும் சேர்ந்து தோன்றினால், அவை இரண்டும் ஒரே காரணத்தின் விளைவுகள் என்று உடனே முடிவுகட்டக் கூடாது.

நோயினும் கொடிய மருந்து

கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது பெருந்தீங்கு. அழுத்தம் திடீரெனக் குறைவதால் உள்ளே 100 பாகைக்கு மேல் உள்ள நீர் ஒரே நொடியில் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறிய பிறகே, தடித்த துணியை இட்டு, மூடியை முதற்படி வரை திருப்பி ஆவியை வெளியேற்றி, அதன்பின் திறக்க வேண்டும். சூடான இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால், வார்ப்பிரும்பு சமமின்றிச் சுருங்கி வெடிக்கலாம்.

வெப்பமானியின் முள் உயர்ந்தால், சுமையை நீக்கி நிழலில் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டால் நீரோட்டம் தொடர்ந்து வெப்பம் தணியும். ஆனால் குழாய் வெடித்து நீர் வெளியேறிவிட்டால், உடனே நிறுத்துவதே முறை. நீர்மட்டம் உணர்முனைக்குக் கீழே இறங்கிவிட்டால், இயந்திரம் எரிந்துகொண்டிருக்கும்போதும் முள் குறைந்த வெப்பத்தைக் காட்டக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் கொதிக்காது என்பது பரவலான நம்பிக்கை. அடைபட்ட ரேடியேட்டரை அது சரிசெய்யாது. மாறாக, குளிர்காலக் காலைகளிலும் இலேசான வேலைகளிலும் இயந்திரம் உரிய வெப்பத்தை அடையாமலே ஓடும். எரிவதில் உண்டாகும் நீராவி உள்ளே படிந்து எண்ணெயைக் கெடுக்கும். சிலிண்டர் விரைவில் தேயும். ஒரு நாளின் தொல்லையைத் தீர்க்கச் செய்த செயல் இயந்திரத்தின் ஆயுளைக் குறைத்துவிடுகிறது.

பிரியும் இடத்தில் சோதனை

ஒரு நிகழ்வைக் கற்பனையாகக் கொள்ளலாம். சேற்றுழவில் உள்ள பழைய டிராக்டர் ஒன்று, அரைமணி நேரத்திற்கு ஒருமுறை வலுவிழந்து நிற்கிறது. அப்போது வெப்பமானியின் முள்ளும் உயர்ந்திருக்கிறது. கால்மணி நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடியும் ஓடுகிறது. ‘சூட்டினால்தான் நிற்கிறது’ என்கிறார் உரிமையாளர். ‘தெளிப்புப் பம்பு கெட்டுவிட்டது’ என்கிறார் பக்கத்து வயல்காரர். தெளிப்புப் பம்பைக் கழற்றிச் சீராக்குவது பெருஞ்செலவு.

ஓய்வு கொடுத்ததும் ஓடுவதைச் சூடு என்னும் காரணமும் விளக்கும். தொட்டி மூடியின் துளையடைப்பும் விளக்கும். இரண்டு காரணங்கள் ஒரே குறியை விளக்கும்போது, அக்குறியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் பயனில்லை. அக்காரணங்கள் எந்த இடத்தில் வெவ்வேறு விளைவைத் தருமோ, அந்த இடத்தைச் சோதிக்க வேண்டும். வண்டி நின்றவுடன், இயந்திரம் ஆறுவதற்கு முன்பே, டீசல் தொட்டியின் மூடியைத் திறந்து மறுபடியும் இயக்கிப் பார்க்க வேண்டும். சூடு காரணமானால் அப்போதும் ஓடாது. துளையடைப்புக் காரணமானால் ஓடும்.

மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உட்புகும் ஒலி கேட்கிறது. கைநெம்பால் சிறிது டீசலை ஏற்றியதும் சூடான நிலையிலேயே வண்டி ஓடுகிறது. நின்றுபோனதற்குக் காரணம் அடைபட்ட காற்றுத்துளை. முள் உயர்ந்ததற்குக் காரணமோ, சென்ற அறுவடையின்போது ரேடியேட்டரில் அடைந்த வைக்கோல் துகள். நோய்கள் இரண்டு, அவை ஒரே நேரத்தில் தோன்றியதால் ஒன்றெனத் தோன்றின. ஒன்று மெல்லிய கம்பியால் தீர்ந்தது. மற்றொன்று ஒரு குடம் நீரால் தீர்ந்தது.

இதில் அடங்கிய நெறிகள் எளியவை. கண்ணால் காணத்தக்கதை முதலில் காண வேண்டும். கழற்ற வேண்டியதைப் பின்னர்க் கழற்ற வேண்டும். செலவில்லாத சோதனை முன்னும் செலவுள்ள சோதனை பின்னுமாக அமைய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றி வண்டி ஓடினால், எது மருந்து என்பது தெரியாமலே போய்விடும். செய்ததை நாளோடு குறித்து வைக்க வேண்டும். அடுத்த பருவத்தில் அதே குறி தோன்றும்போது அக்குறிப்பே முதல் துணையாகும்.

வடிகட்டியும் பட்டையும் மலிவானவை. அவற்றை உரிய காலத்தில் பேணாமையால் கெடும் தெளிப்புப் பம்பும் பிஸ்டனும் விலை மிகுந்தவை. காரணத்தைத் தேடும் பொறுமை கொண்டவருக்குப் பழைய டிராக்டரும் பருவம் தவறாமல் உழுது கொடுக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள டிராக்டர் பட்டறைக்குச் சென்று, பழுதுகளையும் பாகங்களையும் குறிக்க அங்கு வழங்கும் சொற்களைத் திரட்டி அகரவரிசையில் தொகுக்க.

2. மிதிவண்டி, நீரேற்றும் மோட்டார், மிக்சி ஆகியவற்றுள் ஒன்றில் தோன்றும் ஒரு குறியை எடுத்துக்கொண்டு, அதற்குரிய இரண்டு காரணங்களையும், அவற்றைப் பிரித்தறியும் ஒரு சோதனையையும் எழுதுக.

3. ‘பாகத்தை மாற்றும் முன் காரணத்தைக் கண்டறிக’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.